மாம்பழப் பெட்டி வந்தாச்சு: அரிசி டிரம்மா, வைக்கோலா, ஃபிரிட்ஜா?

ஒவ்வொரு வருஷமும் மே இரண்டாவது வாரம் சேலத்திலிருந்து அம்மா ஒரு பெட்டி மாங்காய் அனுப்புவார். இந்த வருஷம் எண்ணிப் பார்த்தேன்: பங்கனப்பள்ளி 24, இமாம் பசந்த் 12. எல்லாம் சேர்த்து 13 கிலோ இருக்கும். பறித்து இரண்டு நாள்கூட ஆகாத காய்கள். காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்கியிருந்தார்கள். அதனால் பால் வழிந்து தோலைச் சுடவில்லை. பெட்டியைத் திறந்ததும் மாங்காயும் வைக்கோலும் கலந்து ஒரு வாசனை வருமே, அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம்.

சரி, இத்தனையையும் எங்கே வைப்பது? நாங்கள் இருப்பது சென்னையில், அடுக்குமாடி வீடு, நாலு பேர். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நாலு பழம் செலவாகும். 36 காயும் ஒரே நாளில் பழுத்தால் என்ன செய்வது? மூன்று வருஷத்துக்கு முன்பு அப்படித்தான் ஆனது. மொத்தத்தையும் அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டேன். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் வீடே மணக்கிறது. ஐந்தாம் நாள் பாதிப் பழத்தின் தோலில் கறுப்புப் புள்ளி. அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக ஒன்பது பழம் குப்பைக்குப் போனது. அம்மா ஆள் வைத்துப் பறித்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிய பழம் அது. மனசு ஆறவே இல்லை. மறுவருஷத்திலிருந்து ஒவ்வொரு இடத்திலும் சிலதை வைத்து, தேதி எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

பழுக்க வைப்பது ஒரு வேலை, பழுத்ததைக் கெடாமல் நிறுத்தி வைப்பது வேறு வேலை. இரண்டையும் செய்துதரும் இடம் எந்த வீட்டிலும் இல்லை. எந்த இடம் நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தக் காயை எந்தக் கிழமை சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில், காய் விளைந்ததா?

விளையாத காயை எங்கே வைத்தாலும் வெம்பித்தான் போகும். தோல் சுருங்கும், மஞ்சள்கூட ஆகும், அறுத்தால் சதை வெளிறிப்போய் இருக்கும். புளிப்பும் இருக்காது, இனிப்பும் இருக்காது. விளைந்த காயில் காம்பைச் சுற்றி மேடு எழும்பி, காம்பு ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். விளையாத காயில் காம்படியிலிருந்தே சரிவாக இறங்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். விளைந்தது மூழ்கும், விளையாதது மிதக்கும். காய் விளைய விளைய உள்ளே மாவுச்சத்து ஏறி, தண்ணீரைவிடக் கனமாகிவிடுவதுதான் காரணம். 'மிதந்தால் அது கார்பைடு பழம்' என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். தண்ணீருக்கு விளைச்சல்தான் தெரியும், கார்பைடு தெரியாது. அவசரத்தில் பறித்த இளங்காயைக் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பவர்கள் இருப்பதால் சில சமயம் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும், அவ்வளவுதான்.

கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கால்சியம் கார்பைடு வைத்துப் பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்கின்றன. ஈரம் பட்டால் அது அசிட்டிலின் வாயுவை விடும். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கக்கூடும், ஆபத்து அங்கேதான். பழம் தானே வெளியிடும் எத்திலின் வாயுவை, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவுக்குள், முறையான அறைகளில் செலுத்த 2016-இல் அனுமதி கொடுத்தார்கள். கடையில் இருக்கும் பழம் எந்த வகை என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் முழுப் பழமும் ஒரே மஞ்சளாக இருந்து, தொட்டால் கல்லாக, மோந்தால் வாசனையே இல்லாமல் இருந்தால் நான் வாங்க மாட்டேன். விளைந்த காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கவே எனக்குப் பிடிக்கும்.

இந்த வருஷப் பெட்டியில் மூன்று பங்கனப்பள்ளி மிதந்தன. அவற்றைப் பழுக்கப் போடவில்லை. அன்றைக்குச் சாம்பாருக்கு ஒன்று, மறுநாள் பச்சடிக்கு இரண்டு. மீதி 33.

அரிசி டிரம்

இதைவிட வேகமான வழி வீட்டில் கிடையாது. பறித்த பிறகும் பழுக்கும் பழங்கள் எத்திலினை வெளியிடும். மூடிய டிரம்முக்குள் அது வெளியேற முடியாமல் சுற்றிவந்து, எல்லாக் காயையும் ஒரே சமயத்தில் தூண்டிவிடும். சென்னை மே மாதச் சூட்டில் எனக்கு நாலாம் நாளே தயாராகிவிட்டது.

வேகமே அதன் குறையும். காய் மூச்சுவிடுவதால் வரும் சூடும் ஈரமும்கூட உள்ளேயே தங்கிவிடும். மாம்பழத் தோலில் வரும் கறுப்புப் புள்ளி நோய் பெரும்பாலும் தோட்டத்திலேயே, பிஞ்சுப் பருவத்திலேயே தோலுக்குள் புகுந்து சத்தமில்லாமல் காத்திருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பழுக்கும் நேரத்தில் அது வெளியே வரும். டிரம் அதற்கு இரண்டையும் கொடுக்கிறது. அப்புறம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரு பழம் உடைந்து சாறு இறங்கினால் அரிசியும் போச்சு, பூச்சியும் வந்துவிடும்.

ஒரு தேதிக்குள் பழம் வேண்டும், விருந்தாளி வருகிறார்கள், பூஜைக்கு வேண்டும் என்றால் டிரம்மைவிட நல்லது இல்லை. ஐந்தாறு காய்க்கு மேல் போட வேண்டாம். ஒரு பருத்தித் துணியில் சுற்றி அரிசியின் மேல்மட்டத்தில் வைத்தால் தினமும் எடுத்துப் பார்க்கலாம், அரிசியும் தப்பும்.

வைக்கோலும் அட்டைப் பெட்டியும்

எங்கள் ஊர் வீட்டில் மாங்காயின் இடம் கட்டிலுக்கு அடியில்தான். நல்ல காய்ந்த வைக்கோலை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, காய் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாக அடுக்கி, மேலே மெல்லியதாக இன்னும் கொஞ்சம் வைக்கோல். கதகதப்பு இருக்கும், காற்றும் போய்வரும். காய்கள் உரசி அடிபடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொன்றும் அதனதன் நாளில் பழுக்கும். ஆறாம் நாள் நாலு, ஏழாம் நாள் மூன்று என்று தினசரிச் செலவுக்கு ஏற்றபடி வரும். அம்மா தினமும் காலையில் குனிந்து ஒரு சுற்று தடவிப் பார்த்து, கனிந்ததை எடுத்து வெளியே வைப்பார். அடிபட்டது, அழுகத் தொடங்கியது இருந்தால் அப்போதே தனியாக்கிவிடுவார். ஒரு அழுகல் பழம் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும் என்று பெரியவர்கள் சொல்வது மெய்தான். அது விடும் எத்திலின் மற்றதை அவசரப்படுத்தும், அதன் பூஞ்சையும் தொற்றும்.

ருசியில் இதற்கு நிகர் எதுவும் இல்லை. ஆனால் நகரத்து அடுக்குமாடியில் வைக்கோலுக்கு எங்கே போவது? அம்மா பெட்டியில் வைத்து அனுப்புவதுதான் எனக்குக் கிடைக்கும். அதுவும் ஈரமாகிவிட்டால் பூஞ்சை வாடை அடிக்கும், அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எறும்பும் வரும்.

அதனால் பாதிக் காய்க்கு அட்டைப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எட்டுப் பத்து ஓட்டை. அடியில் கசக்கிய தாள், ஒவ்வொரு காயையும் தனித்தனித் தாளில் சுற்றி ஒரே அடுக்கு. அச்சு மையால் உணவைச் செய்தித்தாளில் மடிக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. தோல் சீவிச் சாப்பிடும் பழத்துக்கு அது பெரிய பயமில்லை, ஆனாலும் நான் வெற்றுக் காக்கித் தாளையே வைக்கிறேன். இமாம் பசந்தின் தோல் மெல்லியது, ஈரம் பட்டால் மை ஒட்டுகிறது. அட்டைப் பெட்டியில் வைத்த காய் வைக்கோலைவிட ஒரு நாள் முந்திப் பழுக்கிறது. காலையும் மாலையும் மூடியைத் திறந்து வைத்தால் ஈரம் தங்குவதில்லை. வைக்கோல் கிடைக்காத வீட்டுக்கு என் ஓட்டு இந்தப் பெட்டிக்குத்தான்.

இரண்டில் எதுவானாலும் வீட்டிலேயே குளுமையான அறையில் வைக்க வேண்டும். மேலே பரணில் வைத்தால் தளத்தின் சூடு இறங்கி, பழம் பழுப்பதற்குப் பதிலாக வெந்ததுபோல் ஆகிவிடும்.

ஃபிரிட்ஜ்

அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இது. நானும் செய்திருக்கிறேன்.

ஒரே கொத்தில் வந்த இரண்டு பங்கனப்பள்ளிக் காயை எடுத்தேன். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று வெளியே. எட்டாம் நாள் ஃபிரிட்ஜில் இருந்ததை வெளியே எடுத்தபோது தோல் சாம்பல் பூத்து, அங்கங்கே சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தது. கெடவில்லையே, இனி பழுத்துவிடும் என்று நினைத்தேன். நாலு நாள் வெளியே இருந்தும் காம்புப் பக்கம் கல், நுனிப் பக்கம் கொழகொழ. அறுத்துப் பார்த்தால் கொட்டையை ஒட்டி வெளிறிய வெள்ளை. வாயில் வைத்தால் மாம்பழம் என்பதற்கான வாசனையே இல்லை. வெளியே இருந்த அதன் ஜோடி, ஏழாம் நாளே தேனாகப் பழுத்து வயிற்றுக்குள் போயிருந்தது.

இதற்குக் காரணம் குளிர்க் காயம். வெப்ப மண்டலப் பழங்கள் நம்முடைய வெயிலுக்குப் பழகியவை. பச்சை மாங்காய் 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் பழுக்கும் திறனையே இழக்கத் தொடங்கும். வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரியில் ஓடுகிறது. ஆகவே காய்க்கு ஃபிரிட்ஜ் கூடவே கூடாது.

பழுத்துவிட்டதா, அப்போது கதை மாறுகிறது. முழுசாகக் கனிந்த பழத்துக்கு அந்தக் குளிர் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. நாலைந்து நாள் நிறுத்தி வைக்கும். ஈரமில்லாமல் துடைத்து, ஒரு துணிப்பைக்குள் போட்டு, அடித்தட்டில் காய்கறிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அங்கே குளிர் கொஞ்சம் குறைவு, ஈரப்பதம் அதிகம். கீரையும் வெள்ளரிக்காயும் பக்கத்தில் வேண்டாம், பழத்தின் எத்திலினால் அவை சீக்கிரம் மஞ்சளாகிவிடும். சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த பழத்துக்கு வாசனை எழும்பாது.

அறுத்த பழம் வேறு கணக்கு. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுவது நல்லது.

ஈர மணலும் ஃபிரீசரும்

மின்சாரம் இல்லாமல் குளிர வைக்க ஒரு வழி உண்டு. இரட்டைச் செங்கல் சுவர் கட்டி, நடுவில் மணல் கொட்டி, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றும் அறை. டெல்லியிலுள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. வீட்டளவில் பெரிய பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டால் அதே தத்துவம். சேலத்தின் வறண்ட வெயிலில் அம்மா வீட்டுக் கொல்லையில் இது அருமையாக வேலை செய்கிறது. தண்ணீர் வேகமாக ஆவியாகும், உள்ளே கை வைத்தாலே சிலுசிலுவென்று இருக்கும். அதையே சென்னையில் என் பால்கனியில் வைத்துப் பார்த்தேன். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் மணல் தண்ணீர் காயவே இல்லை, இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது. சேலம், தருமபுரி, மதுரைப் பக்கம் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். கடலோரத்தில் மெனக்கெட வேண்டாம்.

ஃபிரீசர் மிச்சத்துக்கு மட்டும். நன்றாகப் பழுத்ததைச் சதுரமாக நறுக்கி, ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அப்புறம் டப்பாவில் அள்ளிப் போட்டால் ஐந்தாறு மாதம் தாங்கும். உருகும்போது சதை தளர்ந்துவிடும், அதனால் துண்டாகச் சாப்பிட ஆகாது. மில்க் ஷேக்குக்கும் மாம்பழ மோர்க்குழம்புக்கும் குறைவே தெரியாது. மின்வெட்டில் ஒருமுறை உருகிவிட்டால் திரும்ப உறையவைக்காமல் அன்றைக்கே செலவு செய்துவிட வேண்டும்.

பழுத்ததை எப்படி அறிவது

நிறத்தை நம்பிக் கெட்டவர்கள் நிறைய. இமாம் பசந்த் உள்ளே கனிந்து குழைந்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். மஞ்சளாகட்டும் என்று காத்திருந்து முதல் வருஷம் நாலு பழத்தை அழுகவிட்டேன். போனில் புலம்பியதற்கு அம்மா சொன்னார், "கண்ணால பாக்காத கண்ணு. காம்புகிட்ட மோந்து பாரு, அதுவே சொல்லும்."

அதைத்தான் இப்போது செய்கிறேன். காயாக இருக்கும்போது காம்படியில் பிசின் வாடை. இரண்டு மூன்று நாளில் அது லேசாகத் தித்திப்பாக மாறும். அந்த வாசனை ஒரு சாண் தூரத்திலிருந்தே வந்தால் இன்றைக்கோ நாளைக்கோ சாப்பிடலாம். கள் வாடை அடித்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மூக்குக்கு அப்புறம் கை. விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் மறுநாள் கன்றிப்போகும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, கை முழுக்க லேசாக மூடினால் போதும், அது இணங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

தோலில் மேலாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அன்றைக்கே அறுத்து, அந்த இடத்தைத் தாராளமாகச் சீவிவிட்டு, சதை கசப்போ புளித்த வாடையோ இல்லாமல் இருந்தால் சாப்பிடலாம். காம்பைச் சுற்றி வளையமாகக் கறுத்து ஈரமாகத் தெரிந்தால் அது காம்பழுகல், ஒரே நாளில் பாதிப் பழத்தை எடுத்துக்கொள்ளும். ஊசி குத்தியதுபோல் ஒரு துளை, சுற்றிலும் அமுங்கிய ஈரம் என்றால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது, உள்ளே புழு இருக்கும். பூஞ்சை பூத்த பழத்தைச் சீவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மற்ற பழங்கள், சுருக்கமாக

வாழைப்பழத்துக்கும் ஃபிரிட்ஜ் எதிரிதான், 13 டிகிரிக்குக் கீழே தோல் கறுத்துவிடும். பழுத்த பிறகு வைத்திருந்தால் தோல் கறுத்தாலும் உள்ளே நன்றாகத்தான் இருக்கும், பயந்து கொட்ட வேண்டாம். சீப்பைத் தரையில் வைக்காமல் ஆணியில் தொங்கவிட்டால் அடிபடாது. ரஸ்தாளி பழுத்ததும் காம்பிலிருந்து உதிரும், அதனால் அதைச் சீப்பாக வாங்கி நாலு நாள் வைக்க நினைக்கக் கூடாது. கடைகளில் நீளமாக வரும் மோரிஸ் வகையைக் கோடைச் சூட்டில் வைத்தால் தோல் பச்சை மாறாமலே உள்ளே குழைந்துவிடும். அதற்கும் நிறம் அளவுகோல் ஆகாது.

பப்பாளி பச்சையாக வாங்கினால் இனிக்காது, மென்மைதான் ஆகும். உள்ளே சர்க்கரையாக மாற மாவுச்சத்து அதிகம் இல்லை. மஞ்சள் கோடு ஓடியதைப் பார்த்து வாங்குங்கள். சப்போட்டாவை நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் பச்சை தெரியக் கூடாது. அன்னாசி பறித்த நாளின் இனிப்போடு நின்றுவிடும், எத்தனை நாள் வைத்தாலும் கூடாது. அடிப்பாகத்தில் வாசனை வந்தால் வாங்கி இரண்டு நாளில் வெட்டிவிட வேண்டும். கொய்யா வெளியே இரண்டு நாள், அவ்வளவே.

இந்த வருஷம் நான் செய்தது

33 காயில் ஆறு பங்கனப்பள்ளி அரிசி டிரம்முக்கு. இமாம் பசந்த் 12-ம் அட்டைப் பெட்டிக்கு, படுக்கையறைக் கட்டிலுக்கடியில். மீதி 15 பங்கனப்பள்ளி, பெட்டியோடு வந்த வைக்கோலில், கூடத்து மூலையில். நாலாம் நாள் டிரம் பழம் தொடங்கியது, அது தீரும் நேரத்தில் பெட்டி, அதற்கப்புறம் வைக்கோல். ஒன்பதாம் நாள் ஒரே சமயத்தில் ஏழு கனிந்துவிட்டன. நாலு ஃபிரிட்ஜுக்கும் மூன்று ஃபிரீசருக்கும் போயின. காம்பழுகலில் ஒரு இமாம் பசந்த் மட்டும் வீணானது. கடைசிப் பழத்தை 13-ஆம் நாள் இரவு அறுத்தோம்.

ஜூன் கடைசியில் நீலம் வகை மாம்பழம் வரும். அதற்கு டிரம்மோ பெட்டியோ தேவைப்படாது, கெட்டித் தோல், கூடையில் வைத்தாலே வெளியில் நன்றாகத் தாங்கும். ஆனால் நீலத்தின் கொட்டைக்குள் வண்டு இருக்கக்கூடும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அதை மட்டும் முழுசாகக் குழந்தைகள் கையில் கொடுக்காமல், அறுத்துப் பார்த்துத் தட்டில் வைக்க வேண்டும்.